வளரும் ஊருக்குப் பாதாளச் சாக்கடை: குழாயை எந்த முறையில் நீட்டுவது?

ஊரின் நடுப்பகுதியில் பாதாளச் சாக்கடை ஏற்கெனவே ஓடுகிறது. சுற்றிலும் புதிய மனைகள் எழும்பிவிட்டன. அங்கெல்லாம் செப்டிக் டேங்க். மழைக்காலத்தில் உறிஞ்சுகுழிகள் நிரம்பி முற்றத்தில் பொங்குகின்றன, கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் ஏறுகிறது. குழாயை நீட்டிவிடலாம் என்று முடிவாவதில் சிரமமில்லை. எந்த மாதிரிக் குழாய் என்பதில்தான் பணம் தங்குவதும் கரைவதும் இருக்கிறது. நகரத்தில் போட்டதையே இங்கும் போடுவதுதான் வழக்கமான தவறு. நகரத்தில் 100 மீட்டர் குழாயின் செலவைப் பத்துப் பதினைந்து வீடுகள் பகிர்ந்துகொள்ளும். ஊரின் விளிம்பில் அதே 100 மீட்டருக்கு மூன்று வீடு இருந்தால் அதிகம்.

அதனால் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான்: ஒவ்வொரு தெருவின் குழாய் நீளத்தையும் அந்தத் தெருவில் கிடைக்கக்கூடிய இணைப்புகளால் வகுத்துப் பாருங்கள். ஓர் இணைப்புக்கு 10 மீட்டருக்குள் வந்தால் வாட்டத்தில், அதாவது குழாயின் சரிவில், தானாக ஓடும் சாக்கடையே போதும். 10 முதல் 30 மீட்டர் வரை வந்தால் மற்ற முறைகளையும் ஒப்பிட்டே தீர வேண்டும். 50 மீட்டரைத் தாண்டினால் குழாய்ப் பேச்சை விட்டுவிட்டு, இருக்கும் செப்டிக் டேங்குகளை ஒழுங்காகப் பராமரிப்பதற்கு ஏற்பாடு செய்யலாம். இவை எங்கள் கைக்கணக்கு. பாறையோ ஊற்று நீரோ வந்தால் எல்லை மாறும். மொத்த ஊருக்கும் ஒரே சராசரி எடுத்தால் மட்டும் இந்தக் கணக்கு பயன்படாது. தெருத் தெருவாகப் போட வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய விவரங்கள் நான்கு. ஒவ்வொரு வீட்டிலும் கழிவுநீர் வெளியேறும் குழாயின் அடிமட்டம். மழைக்காலத்தில் சோதனைக் குழி தோண்டிப் பார்த்த நிலத்தடி நீர்மட்டம். கோடையில் தோண்டிய குழி பொய் சொல்லும். பாறை தட்டுப்படும் ஆழம். நாளுக்கு எத்தனை மணி நேரம் மின்சாரம் போகிறது என்பது. கடைசியை யாரும் கேட்பதில்லை, ஆனால் பம்பு வைத்த எந்த முறையும் அதில்தான் நிற்கும் அல்லது விழும்.

வாட்டத்தில் ஓடும் வழக்கமான சாக்கடை

200 மி.மீ. குழாய், 0.4 சதவீத வாட்டம், அதிகபட்சம் 120 மீட்டருக்கு ஒரு மேன்ஹோல். திரும்பும் இடம், வாட்டம் மாறும் இடம், குழாய்கள் சேரும் இடம் எல்லாவற்றிலும் இன்னொன்று. பல நாடுகளின் விதிகள் ஏறத்தாழ இப்படித்தான். குழாய் நிரம்பி ஓடும்போது வேகம் நொடிக்கு 0.6 மீட்டராவது இருந்தால் மணலும் கசடும் அடியில் தங்காமல் அடித்துச் செல்லப்படும் என்பது இதன் அடிப்படை.

இந்தக் குழாயின் கொள்ளளவைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம். 0.4 சதவீத வாட்டத்தில் நிரம்பி ஓடினால் நொடிக்குச் சுமார் 20 லிட்டர். உச்ச நேர ஓட்டம் சராசரியைப் போல நான்கு மடங்கு என்று வைத்தால் சராசரி நொடிக்கு 5 லிட்டர், அதாவது நாளுக்கு 4,30,000 லிட்டர். ஆளுக்கு 100 லிட்டர் கழிவுநீர் என்றால் 4,300 பேர். மிகச் சிறிய குழாய் என்று விதி அனுமதிப்பதே ஒரு சின்ன ஊர் முழுவதையும் தாங்குகிறது. எதிர்கால வளர்ச்சிக்காக 300 மி.மீ. போடுவோம் என்று கேட்கும்போது இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். பெரிய குழாயில் குறைந்த தண்ணீர் ஓடினால் அது மெலிதாகப் பரவி வேகம் இழக்கும், கசடு படியும். வளர்ச்சி வருவதற்கு முன் அடைப்பு வந்துவிடும்.

செலவைத் தின்பது விட்டமல்ல, ஆழம். சமதரையில் 1 மீட்டர் ஆழத்தில் தொடங்கும் குழாய் 1,200 மீட்டர் போனதும் 4.8 மீட்டர் இறங்கி 5.8 மீட்டர் ஆழத்தில் நிற்கும். 1.5 மீட்டரைத் தாண்டிய பள்ளத்தின் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்கக் கூடாது. ஊற்று நீர் வந்தால் இரவும் பகலும் இறைக்க வேண்டும். அதற்குமேல் ஆழம் கட்டுப்படியாகாமல் ஒரு கழிவுநீரேற்று நிலையம் கட்டுவார்கள்: இரண்டு பம்பு, ஜெனரேட்டர், அபாய ஒலி, தினம் ஒருவர் போய்ப் பார்க்கும் வேலை. ஒரு சின்ன ஊரில் இப்படி மூன்று நிலையங்கள் வருமானால், 'பம்பில்லாத எளிய முறை' என்று சொல்லித் தேர்ந்தெடுத்ததற்குப் பொருளே இல்லை.

சீரான சரிவுள்ள நிலம், நெருக்கமான வீடுகள், ஆழத்தில் இருக்கும் நீர்மட்டம் மூன்றும் ஒத்துவந்தால் இதற்கு ஈடு வேறில்லை. ஐம்பது ஆண்டுக்குமேல் நிற்கும். மின்சாரம் போனாலும் ஓடும். வீட்டுக்காரர் எதையும் பராமரிக்க வேண்டியதில்லை.

அதையே மெலிதாக்கினால்

பிரேசிலின் நடால் நகரில் 1980களின் தொடக்கத்தில் உருவான எளிமைப்படுத்திய முறை, மேலே சொன்னதன் மறு கணக்கு. வேகத்துக்குப் பதிலாக, ஓடும் நீர் குழாயின் அடியை உராயும் விசையைப் பார்க்கிறார்கள். அது சதுர மீட்டருக்கு 1 நியூட்டன், அதாவது 1 பாஸ்கல், இருந்தால் போதும். இப்படிக் கணக்கிட்டால் உச்ச ஓட்டம் நொடிக்கு 1.5 லிட்டர் உள்ள கிளையில் 100 மி.மீ. குழாயை 213-க்கு 1 (213 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம்) என்ற வாட்டத்தில் போடலாம். ஓட்டம் 5 லிட்டராகும் இடத்தில், அதைவிடப் பெரிய குழாய்க்கு, 370-க்கு 1 போதும். அதாவது கீழே போகப் போக வாட்டம் குறையும், ஆழம் ஏறுவதும் மட்டுப்படும். குழாயைத் தெரு நடுவில் போடாமல் வீட்டுப் பின்புறத்திலோ நடைபாதை ஓரத்திலோ போடுவதால் வண்டிப் பாரம் இல்லை. நடைபாதையில் 40 செ.மீ. மண் மூடினால் போதும். மேன்ஹோலுக்குப் பதில் சிறு பார்வைத் தொட்டிகள். 100 மி.மீ. குழாயே சுமார் 200 வீடுகளைத் தாங்கும்.

குறை எங்கே? வீடுகள் அடர்த்தியாக இருக்க வேண்டும். எல்லோரும் இணைய வேண்டும். மேல்முனையில் பாதி வீடுகள் இணையாமல் நின்றால் அந்தக் கிளையில் தண்ணீர் தள்ளுவதற்கு ஆளில்லை. பின்புறத்தில் போன குழாய்மேல் யாராவது அறை கட்டிவிட்டால் அடைப்பெடுக்க வழியில்லை. அந்த இடத்துக்கு வழியுரிமையைப் பத்திரத்தில் எழுதி வாங்காமல் குழாய் இறக்கக் கூடாது. ஊரின் நெருக்கமான பகுதிக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். வரைவாளருக்குப் பழக்கமில்லை என்பதைத் தவிர வழக்கமான முறையைக் கேட்பதற்கு அங்கே பெரிய காரணம் இருப்பதில்லை.

கசடை வீட்டிலேயே நிறுத்தி, தெளிந்த நீரை மட்டும் அனுப்புவது

வீட்டின் செப்டிக் டேங்க் அப்படியே இருக்கும். அதிலிருந்து வழியும் நீர் மட்டும் பொதுக் குழாய்க்குப் போகும். தெற்கு ஆஸ்திரேலியாவின் சிற்றூர்களில் 1960களிலிருந்து இப்படி ஓடுகிறது. கசடு இல்லாததால் குறைந்தபட்ச வேகம் என்ற கட்டுப்பாடே விலகுகிறது. 75 அல்லது 100 மி.மீ. குழாயை நிலத்தின் மேடு பள்ளத்தோடு சேர்த்தே போடலாம். நடுவில் குழாய் தாழ்ந்து நிரம்பி நின்றாலும் பாதகமில்லை. வழியில் வரும் மேடு எதுவும் அதற்கு மேற்புறத்து வீடுகளின் தொட்டி வாயைவிட உயரக் கூடாது, முடிவு தொடக்கத்தைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தாழ்வாக இருக்கும் வீட்டுக்கு மட்டும் தொட்டிக்குள் ஒரு சின்னப் பம்பு.

கேட்பதற்கு இதைப்போல மலிவு இல்லை. ஆனால் 'ஏற்கெனவே இருக்கும் தொட்டி' என்ற சொல்லில்தான் பொறி. பழைய தொட்டிகளில் பலவற்றுக்கு அடித்தளமே இருக்காது, அல்லது விரிசல் விட்டிருக்கும். நீர்மட்டம் ஏறியதும் ஊற்று நீர் உள்ளே புகுந்து குழாயையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் நிரப்பும். ஒவ்வொரு தொட்டியையும் காலி செய்து, கழுவி, வெளியேறும் குழாய்க்கு மேல்வரை தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் விட்டு மட்டம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை மழைக்காலத்தில் காலியாகவும் வைத்து உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். நீர்மட்டம் மிக உயர்ந்திருக்கும்போது முழுதும் காலி செய்தால் பிளாஸ்டிக் தொட்டி மண்ணைப் பிளந்துகொண்டு மிதந்து எழும். அதையும் நினைவில் வையுங்கள். தேறாத தொட்டிக்குப் பதில் 3,000 லிட்டருக்குக் குறையாத புதுத் தொட்டி, வெளியேறும் வாயில் எடுத்துக் கழுவக்கூடிய வடிகட்டி. பாதிக்குமேல் தேறவில்லை என்றால் இந்த முறையின் விலைச் சாதகம் போய்விட்டது என்று பொருள்.

இன்னொன்று, வரும் நீர் அழுகிய நீர். அதில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, நீர் மேலிருந்து விழும் இடத்தில் வாயுவாகப் பிரிந்து நாறும். கான்கிரீட்டின் மேற்பகுதியில் அமிலமாகி அதை அரிக்கும். இரும்பும் கான்கிரீட்டும் தவிர்த்து முழுக்கப் பிளாஸ்டிக். நீர் விழும் இடமெல்லாம் நீருக்கடியில் சேரும்படி அமைப்பு. 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்க லாரியும், அந்தக் கசடைக் கொட்டுவதற்கு அனுமதிபெற்ற இடமும் ஊர் நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் விட்டால் எடுக்க மாட்டார். கசடு வழிந்து, வாட்டமே இல்லாத மெல்லிய குழாய்க்குள் போகும். அதை எடுப்பது பெரும்பாடு.

அரைத்துத் தள்ளும் பம்பு

ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் சுமார் 250 லிட்டர் தொட்டி, அதற்குள் கழிவை அரைத்துக் கூழாக்கி அழுத்தத்தில் தள்ளும் 1 குதிரைத்திறன் பம்பு. வெளியே 32 மி.மீ. பாலிஎத்திலீன் குழாய், தெருவில் 50 முதல் 100 மி.மீ. வாட்டம் வேண்டாம், ஒரு மீட்டர் ஆழம் போதும். தெருவை வெட்டாமல் துளையிட்டே இழுத்துவிடலாம். பாறை நிலத்துக்கும், ஏரிக்கரை போலக் கீழே இருக்கும் வீடுகளுக்கும், தொலைவாகச் சிதறிய மனைகளுக்கும் ஏற்றது. புது வீடு வரும்போதுதான் அதற்குப் பம்பு வாங்குவோம் என்பது இன்னொரு வசதி. வளர்ச்சி நின்றால் பணமும் நிற்கும்.

நாளுக்கு 500 லிட்டர் கழிவுநீர் வரும் வீட்டில், நொடிக்கு 0.7 லிட்டர் தள்ளும் பம்பு மொத்தம் 12 நிமிடம்தான் ஓடும். மின்கட்டணம் பெரிய விஷயமே அல்ல. பெரிய விஷயம் மின்தடை. அபாய ஒலி எழும் மட்டத்துக்கு மேல் தொட்டியில் 120 லிட்டர் இடம் மிச்சமிருந்தால், மணிக்குச் சராசரி 20 லிட்டர் கணக்கில் ஆறு மணி நேரம் தாங்கும். காலை நேரமானால் அதில் பாதிகூடத் தாங்காது. நீண்ட தடை வழக்கமான இடத்தில் தொட்டியைப் பெரிதாக வாங்குங்கள், அல்லது இந்த முறையை விடுங்கள்.

மின்சாரம் திரும்பி வரும் அந்த நிமிடத்தைக் கவனியுங்கள். எல்லா வீட்டுத் தொட்டியும் நிரம்பியிருக்கும். எல்லாப் பம்பும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். தெருக் குழாயில் அழுத்தம் எகிறும். மையவிலக்குப் பம்புகளில் தொலைவில் இருப்பவை தண்ணீர் தள்ளாமல் வெறுமனே சுழன்று சூடேறி அணைந்துவிடும். திருகுச் சுழலி உள்ள பம்பு அழுத்தம் ஏறினாலும் ஏறத்தாழ அதே அளவைத் தள்ளும். எனவே நீண்ட, மேடான வலையமைப்பில் அதுதான் சரி. அதன் ரப்பர் உறை தேயும் என்பதையும் மாற்றுவதற்கான செலவையும் முதலிலேயே கணக்கில் எழுதிவிட வேண்டும். எந்த வகையானாலும் ஒரே தெருவில் இரண்டையும் கலக்காதீர்கள்.

பழுதுகளில் முதலிடம் ஈரத் துடைப்பான்களுக்கு. கழிப்பறையில் போடலாம் என்று உறையில் அச்சிட்டவையும் அரைபடாமல் கயிறாகத் திரிந்து சுழலியைப் பிடிக்கும். அடுத்தது எண்ணெய்க் கொழுப்பு. மிதவைச் சுவிட்சின் மேல் படிந்து அதை மேலே எழவிடாமல் தடுக்கும். மூன்றாவது, வீட்டு எல்லையில் உள்ள திரும்பவிடா வால்வு. அதில் ஒரு துணித்துண்டு சிக்கி மூடாமல் நின்றால் தெருவின் கழிவுநீர் அந்த வீட்டுத் தொட்டிக்குள் வரும். பம்போடு ஒன்று, எல்லையில் ஒன்று என இரண்டு வால்வு வைப்பது அதற்காகத்தான். எல்லையில் மூடுவால்வும் சேர்ந்தே இருக்க வேண்டும். மேடான இடங்களில் காற்று வெளியேற்றும் வால்வு தவறாமல் வேண்டும்.

பம்பு யாருடையது என்பதைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிடுங்கள். வீட்டுக்காரருடையது என்றால், பழுதானதும் கடையில் கிடைக்கும் மலிவான ஏதோ ஒன்றை மாட்டுவார். ஊர் நிர்வாகத்துடையது என்றால் முற்றத்துக்குள் வர எழுத்து அனுமதி வேண்டும், 50 பம்புக்கு இரண்டு மூன்று முழு பம்பு கையிருப்பில் வேண்டும், இரவில் அழைத்தால் வர ஆள் வேண்டும். இரண்டாவதுதான் நடைமுறையில் நிற்கிறது.

வெற்றிடக் குழாய்

தட்டையான மணல் நிலம், அரை மீட்டரிலேயே தண்ணீர், ஓரளவு நெருக்கமான வீடுகள்: இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் மட்டும் பார்க்க வேண்டியது. ஒரே நிலையம் குழாயில் 0.5 முதல் 0.7 பார் வெற்றிடம் வைத்திருக்கும் (பார் என்பது அழுத்த அலகு; வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1 பார்). இரண்டு முதல் நான்கு வீடுகளுக்கு ஒரு வால்வுக் குழி. அதில் சுமார் 40 லிட்டர் சேர்ந்ததும் 75 மி.மீ. வால்வு காற்றழுத்தத்தாலேயே திறந்து கழிவை உறிஞ்சும். வீட்டில் மின்சாரம் தேவையில்லை. நிலையத்தில் ஒரு ஜெனரேட்டர் இருந்தால் ஊர் முழுதும் ஓடும். குழாய் அரம்பப் பல் போலச் சற்று இறங்கி 30 செ.மீ. ஏறி மறுபடி இறங்கும். ஆனால் மொத்த ஏற்றம் 4 மீட்டருக்குமேல் முடியாது, மேட்டு நிலத்துக்கு ஆகாது. ஒரு வால்வு திறந்தபடியே நின்றால் அந்தக் கிளை முழுவதும் வெற்றிடம் இழக்கும். எது நின்றது என்று குழி குழியாகத் தேடப் பழகிய ஆள் வேண்டும். நூறு வீட்டுக்குக் குறைவென்றால் நிலையத்தின் செலவு தாங்காது.

கொண்டுபோய் எங்கே விடுவது?

பக்கத்து நகரத்தின் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைப்பதா, சொந்தமாகக் கட்டுவதா என்ற கேள்வி குழாய்த் தேர்வையும் மாற்றும். 800 பேர் உள்ள பகுதியிலிருந்து நாளுக்கு 72,000 லிட்டர் வருகிறது, நகரம் 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். கசடோடு கழிவுநீரைப் பம்பு தள்ளிவிடும் உந்துகுழாய்க்கு 100 மி.மீ. குறைந்தபட்சம். 5 கி.மீ. நீளத்தில் அதற்குள் நிற்பது 39,000 லிட்டர். அதாவது கழிவுநீர் சராசரி 13 மணி நேரம் காற்றில்லாமல் குழாய்க்குள் கிடக்கும். வெளியே வரும்போது சல்ஃபைடு நிறைந்திருக்கும். அது விழும் மேன்ஹோல்தான் நகரத்தில் முதலில் அரித்துப்போகும். அதன் மூடியைத் திறந்து உள்ளே இறங்குவது உயிரைக் கொடுப்பதற்குச் சமம். கால்சியம் நைட்ரேட் கரைசல் ஊற்றிக் கட்டுப்படுத்தலாம். அது ஆண்டு முழுவதும் தொடரும் செலவு. ஐந்து கிலோமீட்டருக்குமேல் போகும் இணைப்பை, வழியில் வேறு ஊரும் சேரும் என்றால் மட்டுமே யோசிக்கலாம்.

சொந்தமாக என்றால், நிலம் இருக்கும் ஊருக்கு, கழிவுநீரைத் தேக்கித் தெளியவைக்கும் நிலைப்படுத்தும் குளங்களோ, நாணல் நட்ட ஜல்லி வழியாக வடிகட்டும் நாணல் படுகையோ. வெப்பமான இடத்தில் குளத்துக்கு ஆளுக்கு 1 முதல் 3 சதுர மீட்டர், நீர் கிடைமட்டமாக ஓடும் நாணல் படுகைக்கு 5 சதுர மீட்டர் அளவில் நிலம் போகும். காற்றூதும் இயந்திர நிலையம் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் காற்றூதியை நிறுத்தினால் சில மணி நேரத்தில் நுண்ணுயிர்கள் பாதிக்கப்படும். தினசரி அளவெடுத்துக் கசடை வெளியேற்றத் தெரிந்த ஆள் இல்லாத ஊரில் அது ஓராண்டில் நாறும் தொட்டியாகிவிடும். செப்டிக் டேங்க் வழியாக வரும் நீருக்குப் படுகை பொருந்தும். அரைத்த கழிவைப் படுகையில் நேராக விட்டால் ஜல்லி அடைபடும்.

விலையை ஒப்பிடும் முறை

கட்டும் செலவை மட்டும் வரிசைப்படுத்தினால் வீடுகள் சிதறிய இடத்தில் பம்பு முறைகள் பெரும்பாலும் வெல்லும். 40 ஆண்டுக்குச் சேர்த்து இன்றைய மதிப்பில் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும்: வீட்டுப் பம்பு 10 முதல் 15 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றம், கசடு எடுப்பு, ஆள் சம்பளம், நிலையத்தின் பம்புகள். வட்டி விகிதத்தைக் கூட்டிக் குறைத்து இரண்டு முறையாவது போடுங்கள். விகிதத்தை உயர்த்தினால் பிற்காலச் செலவு சுருங்கி, பம்பு முறை மலிவாகத் தோன்றும். கட்டுமானத்துக்கு மானியம் வந்து பராமரிப்பு மட்டும் ஊரின் தலையில் விழும் இடத்தில் கணக்கு தலைகீழ்: மண்ணில் கூடுதலாகச் செலவழித்துப் பின்னால் குறைவாகச் செலவழிக்கும் முறையே ஊருக்கு நல்லது. வீட்டுக்குள் குழாய் மாற்றும் செலவையும், கைவிடும் செப்டிக் டேங்கைக் காலி செய்து அடியை உடைத்து மணல் நிரப்பும் செலவையும் சேர்த்தே எழுதுங்கள். அந்தச் செலவை யார் ஏற்பது என்று தீராவிட்டால் குழாய் தெருவில் கிடக்கும், இணைப்பு வராது.

மழைநீர் எந்த முறைக்கும் எதிரி. 100 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால் நொடிக்கு 1.4 லிட்டர். அப்படிப் பதினைந்து கூரைகளின் வடிகால் சாக்கடையில் சேர்ந்தால், 4,300 பேரைத் தாங்கும் என்று மேலே கணக்கிட்ட குழாய் நிரம்பிவிடும். வாட்டக் குழாய் என்றால் மூடி வழியாகப் பொங்கும். பம்பு முறை என்றால் அந்த ஒரு வீட்டின் பம்பு இடைவிடாமல் ஓடிக் கருகும். இந்த வகையில் பம்பு முறை தவறு செய்தவரை உடனே காட்டிக்கொடுக்கும். இணைப்புக் கொடுக்கும் முன் கூரைக் குழாயில் சாயத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது பத்து நிமிட வேலை.

பெரும்பாலான ஊர்களுக்கு விடை ஒரே முறையாக இருக்காது. நெருக்கமான பகுதிக்கு மெலிதாக்கிய வாட்டக் குழாய், ஆற்றோரத் தாழ்நிலத்துக்கு அரைத்துத் தள்ளும் பம்பு, விளிம்பில் சிதறிய மனைகளுக்குத் தேதி போட்டுக் கசடெடுக்கும் செப்டிக் டேங்க். அழுத்தக் குழாய் வாட்டக் குழாயில் சேரும் மேன்ஹோலில் மட்டும் உட்பூச்சும் காற்றுப்போக்கியும் வேண்டும்.

பள்ளம் திறந்திருக்கும்போதே காலி மனைகளுக்கும் கிளை வைத்து மூடியிட்டுவிடுங்கள். ஒவ்வொரு கிளையின் ஆழத்தையும், நகராத இரண்டு அடையாளங்களிலிருந்து அதன் தூரத்தையும் மண் மூடும் முன் அளந்து குறிக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயோடு உலோக இழை ஒன்றும் பதித்தால் பின்னால் கருவி வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு கட்டத்தின் கடைசிக் குழாயையும் மூடியோடு மண்ணில் புதைத்துவிடாமல் ஒரு மேன்ஹோலில் முடியுங்கள். அடுத்த தெரு வரும்வரை அதன் வழியாக வாரம் ஒரு லாரித் தண்ணீரை ஊற்றி, ஓட்டம் குறைந்த அந்தக் கிளையைக் கழுவிக்கொள்ளலாம்.